மணிக்கு வந்தது சொறி... எனக்கு வந்தது புத்தி!

அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலி ஒரு வாரமாகக் காலி!

'ஆள் குறைப்போ?' என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். ஆள் இருந்தார். நாற்காலியைத்தான் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் ஓரமாகப் போட்டுக்கொண்டுவிட்டார். காரணம், நான் கம்ப்யூட்டரில் ஒரு வரி அடிப்பதற்குள் நாலு தடவை சொறிந்துகொண்டிருந்தேன். முன்கையில், இடுப்பில், வயிற்றில்... நான் ஃபைலை நீட்டினால் மேனேஜர் அதை வாங்கும் அழகே தனி. இரண்டு விரலால், ஓரமாக, செத்த எலியின் வாலைப் பிடிப்பது போல!

"தம்பி, லீவு வேணும்னா எடுத்துக்கங்க. பத்து நாள்கூட எடுத்துக்கங்க!" என்றார் கரிசனமாக. அக்கா மகள் காதுகுத்துக்கு அரை நாள் லீவு கேட்டபோது காலண்டரை மூணு தரம் புரட்டிய மகான் அவர்!

எனக்கு இந்தச் சொத்தை எழுதி வைத்தது மணி. மணி, எங்கள் வீட்டு நாய்.

செம்மண் நிறம், கரிச்சட்டி முகம்

எனக்கு ஊர் ஆண்டிபட்டி. மதுரையிலிருந்து வந்தால் உசிலம்பட்டி தாண்டி, கணவாய் ஏறி இறங்கியதும் வருமே, அதேதான். 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபடியே ஜெயித்த தொகுதி. வேலை தேனியில். தினமும் பஸ்ஸில் தொங்கல். க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஸ்டாப்பில் பாதிக் கூட்டம் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைக்கும்.

மணி கிடைத்தது சக்கம்பட்டியில். தறிச் சத்தம் ஓயாத தெரு ஒன்றில் நண்பனைப் பார்க்கப் போயிருந்தேன். நூல் மூட்டைக்குப் பின்னால் ஒரு குட்டி. உடம்பு செம்மண் நிறம். மூஞ்சி மட்டும் கரிச்சட்டிக்குள் விட்டு எடுத்தது போலக் கறுப்பு.

"கோம்பை ஜாதி கலந்திருக்குடா. காவலுக்கு இவனை அடிச்சுக்க ஆள் கிடையாது. தூக்கிட்டுப் போ" என்றான் நண்பன்.

கோம்பை தெரியுமில்லையா? உத்தமபாளையம் பக்கத்தில் இருக்கிற ஊர். ஊர் பேரையே தாங்கிய வேட்டை நாய் ஜாதி. 2020 ஆகஸ்ட்டில் பிரதமர் வானொலியில் நம் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னியோடு கோம்பையையும் சொன்னார். அன்றைக்கு எங்கள் மாவட்டத்து நாய்கள் எல்லாம் கொஞ்சம் நிமிர்ந்து நடந்ததாகக் கேள்வி!

அம்மா முதலில் வாசலிலேயே மறித்தார். "ஒருத்தனுக்கு வடிச்சுக் கொட்டவே நாக்குத் தள்ளுது. இதுல இது வேறயா?" என்றார். ரெண்டே மாசம். பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் முதல் டம்ளர் மணிக்கு, இரண்டாவதுதான் எனக்கு என்று ஆகிவிட்டது. அப்பா போன பிறகு அந்த வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் ஆபீஸ் போய்விட்டால் அம்மா பேசுவதற்கு இருந்த ஒரே ஆள் மணி. எதிர்த்துப் பேசாத ஆளும்கூட!

லீவுக்கு அக்கா மகள் வருவாள். ஆறு வயசு. மணியின் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். பிரச்னை ஆரம்பித்ததும் அந்தக் காதில்தான்.

நான் செய்த மூன்று தப்பு

போன ஐப்பசி மழை நேரம். மணியின் காது ஓரத்தில் பொடுகு மாதிரி வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. 'மழைக்கு அப்படித்தான்' என்று விட்டுவிட்டேன். பத்து நாளில் முழங்கை மூட்டில் முடி கொட்டியது. ராத்திரி முழுக்கப் பின்னங்காலால் தரையை 'டப் டப்'பென்று அடித்துக்கொண்டு சொறிந்தது. தறி ஓடுகிற மாதிரிச் சத்தம். அம்மாவுக்கும் எனக்கும் தூக்கம் போச்சு.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம்! "உப்புப் போட்டுச் சோறு வச்சிருப்பீக, அதான்" என்றார் எதிர்வீட்டுப் பாட்டி. "கறி சூடு" என்றார் கறிக்கடைக்காரர். 'இவரே சொல்கிறாரே' என்று நானும் நம்பி, மூணு வாரம் வெறும் மோர்ச் சோறு போட்டேன். மணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... மேனேஜரைப் பார்த்து நான் பார்க்கிற அதே பார்வை!

இது முதல் தப்பு. நாளைக் கடத்தினேன்.

இரண்டாவது தப்பு, பெரிய தப்பு. "டூவீலர் ஒர்க்‌ஷாப்புல பழைய ஆயில் இருக்கும்ணே. ரெண்டு தடவை தடவுங்க, சொறி ஓடிப் போயிரும்" என்றான் ஒரு பையன். ஒரு பாட்டில் வாங்கி வந்து தடவினேன். மணி அதை நக்கி நக்கி, ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி எடுத்தது. விடிந்து பார்த்தால் வயிற்றுத் தோல் தீப்பட்ட மாதிரிச் சிவந்து கிடந்தது.

மூன்றாவது தப்பை மெடிக்கல் ஷாப்பில் செய்தேன். "அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்றேன். யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தடவிய மூன்றே நாளில் சிவப்பு குறைந்தது. 'ஆகா, டாக்டர் ஆகியிருக்க வேண்டியவன் நான்!' என்று மார் தட்டிக்கொண்டேன். பத்தாவது நாள் மார்பு, வயிறு, தொடை எல்லாம் பரவி, சீழ் கோத்து, கிட்டப் போனாலே ஒரு வாடை.

அந்த வாரம்தான் எனக்கும் அரிக்க ஆரம்பித்தது. அக்காவிடமிருந்து போன். "பாப்பாவுக்கு வயித்துல, கையில எல்லாம் சின்னச் சின்னதாத் தடிச்சிருக்குடா. அந்த நாய் இருக்கிற வரைக்கும் நான் புள்ளையை அங்க அனுப்ப மாட்டேன்."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏய்யா... வைகை டேம் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துரு. அங்கன மீன் கிடைக்கும், பொழச்சுக்கிரும்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்பில் புகை இல்லை. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

சாக்கும் சாலையும்

ஞாயிற்றுக்கிழமை காலை. டி.வி.எஸ். ஃபிஃப்டியின் முன்னால் சாக்கை விரித்து, மணியை உட்கார வைத்தேன். அதற்கு ஒரே சந்தோஷம். வண்டியில் போவது என்றால் அப்படி ஒரு பைத்தியம்! காற்றுக்குக் காதை விரித்துக்கொண்டு, முடி கொட்டிய தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்து வந்தது.

அணை ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். மணியை இறக்கினேன். பாக்கெட்டிலிருந்து வர்க்கியை எடுத்துப் போட்டேன். அதைத் தின்று முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவது என் திட்டம்.

மணி வர்க்கியைத் தொடவில்லை. சாக்கின் மேல் ஏறி மறுபடி உட்கார்ந்துகொண்டது. 'வந்த வேலை முடிஞ்சதா? வீட்டுக்குப் போவமா?' என்கிற மாதிரி ஒரு பார்வை.

வண்டியைத் திருப்பினேன். மறுநாள் காலை ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு (மேனேஜர் உடனே கொடுத்துவிட்டார்!) கால்நடை மருத்துவமனை வரிசையில் நின்றேன். முன்னால் இரண்டு பசு, ஏழு ஆடு, ஒரு கூடைக் கோழி. ஆடு வைத்திருந்த பெரியவர் மணியைப் பார்த்துவிட்டு ஆட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார். மணிக்கும் நாற்காலி காலி!

காதைத் தேய்த்தால் கால் ஆடும்

டாக்டர் முதலில் மருந்து எழுதவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு, மணியின் காது ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மடக்கித் தேய்த்தார். அவ்வளவுதான்! மணியின் பின்னங்கால் தானாகச் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தது.

"வீட்டுல யாருக்காவது அரிப்பு இருக்கா தம்பி?"

சட்டைக் கையை மடக்கிக் காட்டினேன். சிரித்தார். "சந்தேகம் பாதி தீர்ந்திருச்சு. இது மட்டும் ஆதாரம் ஆகாது. சுரண்டிப் பார்த்திருவோம்."

ஒரு மழுங்கிய பிளேடில் லிக்விட் பாரஃபின் எண்ணெய் தொட்டு, காது ஓரத்திலும் முழங்கையிலும் லேசாக ரத்தம் கசிகிற அளவுக்குச் சுரண்டினார். கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். முதல் துண்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதை வைத்துவிட்டு, "வாங்க, உங்க விருந்தாளியைப் பாருங்க" என்றார்.

உருண்டையாக, குட்டை குட்டைக் கால்களோடு, ஆமை மாதிரி ஒன்று அசைந்தது. உடம்பெல்லாம் கூசிவிட்டது எனக்கு!

"இதுதான் சார்காப்டிஸ். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெண் பூச்சி தோலுக்குள்ள சுரங்கம் தோண்டிக்கிட்டே போய் முட்டை வைக்கும். மூணு வாரத்துல அடுத்த தலைமுறை ரெடி. 1687-லேயே இத்தாலியில பொனோமோ, செஸ்டோனின்னு ரெண்டு பேர் மனுஷச் சிரங்குக்கு இந்தப் பூச்சிதான் காரணம்னு எழுதிட்டாங்க. உலகம் அதை ஒப்புக்க இன்னும் 150 வருஷம் ஆச்சு. நீங்க ரெண்டு மாசத்துல வந்துட்டீங்க, பரவாயில்ல!"

சில நாய்க்கு எத்தனை முறை சுரண்டினாலும் இந்தப் பூச்சி சிக்காதாம். அறிகுறி பொருந்தினால், சிக்காவிட்டாலும் வைத்தியத்தை ஆரம்பித்துவிடுவார்களாம்.

என் மூன்று தப்பையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் விளக்கத்தான் செய்தார்.

"பழைய ஆயில்ல இன்ஜின் தேய்மான உலோகம், பெட்ரோலியக் கழிவு எல்லாம் இருக்கு. தோல் வேகும். நக்கினா வயித்துக்குள்ள போகும். க்ரீம்ல ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது தோலோட எதிர்ப்புச் சக்தியை அமுக்கித்தான் சிவப்பைக் குறைக்குது. போலீஸை லீவுல அனுப்பிட்டா ஊர் அமைதியா இருக்கிற மாதிரி ரெண்டு நாள் தெரியும். அப்புறம்?"

அப்புறம் என்ன ஆகும் என்று மணியின் வயிற்றில் எழுதியிருந்தது.

"உப்பு, கறி சூடுன்னு சொன்னாங்களே டாக்டர்?"

"உப்பைக் கொட்டிச் சோறு வைக்கிறது நல்லதில்லதான். ஆனா, உப்புலேர்ந்து பூச்சி பிறக்காது தம்பி. சில நாய்க்குச் சில சாப்பாடு ஒத்துக்காம அரிக்கும். அது வேற கதை. நோயாளியைப் பட்டினி போட்டா, இருக்கிற எதிர்ப்புச் சக்தியும் போயிரும்."

சொறி ஒன்று, காரணம் பல

நான் கேட்கக் கேட்க, ஊசி போட்டுக்கொண்டே, ஆட்டுக்கு மருந்து ஊற்றிக்கொண்டே அவர் சொன்னதைத் தொகுத்துத் தருகிறேன். நாய் வளர்ப்பவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

சார்காப்டிஸ் சொறி: தாங்க முடியாத அரிப்பு. காது ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு, வயிறு. மற்ற நாய்க்குச் சட்டென்று ஒட்டும். நமக்கும் ஒட்டும். ஆனால், நாயின் பூச்சி நம் தோலில் குடும்பம் நடத்திப் பெருகாது. நாய் குணமானால் நமக்கும் அடங்கிவிடும். குழந்தைகளை மட்டும் தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும்.

டெமோடெக்ஸ் சொறி: இது சுருட்டு வடிவப் பூச்சி. முடிக்காலுக்குள் குடியிருக்கும். தாயிடம் பால் குடிக்கிற முதல் சில நாட்களிலேயே குட்டிக்கு வந்துவிடும். எல்லா நாயிடமும் கொஞ்சம் உண்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்த குட்டிக்குத்தான் வம்பு. கண்ணைச் சுற்றி, வாயோரம், முன்னங்காலில் திட்டுத் திட்டாக முடி கொட்டும். ஆரம்பத்தில் அரிப்பே இருக்காது. மனிதருக்கு ஒட்டாது. இதற்குப் போய் ஸ்டீராய்டு கொடுத்தால் நெருப்பில் நெய்!

படர்தாமரை: இது பூச்சி இல்லை, பூஞ்சை. வட்டமாக முடி உடைந்து, ஓரம் செதில் செதிலாக இருக்கும். அரிப்பு குறைவு. நமக்கும் நன்றாகவே ஒட்டும்.

தெள்ளுப்பூச்சி அலர்ஜி: நாய் திரும்பித் திரும்பி வால் அடியையும் இடுப்பையும் கடித்துக்கொண்டே இருந்தால் இதுதான். தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு நாலு கடியே போதும். பேப்பரை விரித்து நாயைச் சீப்பால் வாருங்கள். விழுகிற கறுப்புத் தூளில் ஈரப் பஞ்சை வையுங்கள். பஞ்சு செம்பழுப்பு ஆனால் தெள்ளின் எச்சம். நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டை, புழு, கூடு எல்லாம் சாக்கிலும் தரை விரிசலிலும் இருக்கும். நாயை மட்டும் கழுவிப் புண்ணியமில்லை.

சீழ்க் கொப்புளமும் ஈஸ்ட்டும்: பெரும்பாலும் இவை மேற்சொன்னவற்றுக்குப் பின்னால் வருகிற விருந்தாளிகள். சொறிந்து புண்ணான இடத்தில் பாக்டீரியா புகுந்தால் சீழ். ஈஸ்ட் பெருகினால் பிசுபிசுப்பு, ஊசிப்போன வாடை, தோல் தடித்து யானைத் தோலாகும். காது மடல், கழுத்து, விரல் இடுக்கு அதற்குப் பிடித்த இடங்கள்.

இவை தவிர தைராய்டு சுரப்பிக் கோளாறு, சாப்பாட்டு அலர்ஜி, தூசி அலர்ஜி என்று பட்டியல் நீளும். "அதனாலதான் பார்த்த மாத்திரத்துல மருந்து கேட்காதீங்கன்னு சொல்றேன். பத்து நாய்க்குச் சொறி ஒரே மாதிரி தெரியும். பத்துக்கும் மருந்து வேற வேற" என்றார் டாக்டர்.

"நாட்டு நாய்க்கு நோய் வராதுன்னு சொல்றாங்களே?"

"கோம்பைக்குக் குட்டை முடி. நம்ம வெயிலுக்குத் தோதான உடம்பு. முடி அடர்ந்த வெளிநாட்டு ஜாதியை விட ஈரம் தங்குறது குறைவு, நோய் வந்தா சீக்கிரம் கண்ணுல படும். அவ்வளவுதான். பூச்சிக்கு ஜாதி தெரியாது!"

கோல்ஃப் மைதானத்து மண்

மருந்து எழுதும்போது, "ஐவர்மெக்டின் போடுவீங்களா டாக்டர்? கொரோனா நேரத்துல பிரபலமாச்சே?" என்று என் அறிவைக் காட்டினேன்.

அந்த மருந்தின் கதை சுவாரஸ்யம். ஜப்பானின் சட்டோஷி ஒமுரா, ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரியைப் பிரித்தார். அமெரிக்காவில் வில்லியம் கேம்ப்பெல் அதிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொல்லும் மருந்து கண்டார். 1981-ல் கால்நடைகளுக்கு வந்தது. பின்னால் மனிதர்களின் 'ஆற்றுக் குருடு' நோய்க்கும் மருந்தானது. 2015-ல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு!

"நல்ல மருந்துதான். ஆனா, கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக் மாதிரி சில ஜாதியில ஒரு மரபணுக் கோளாறு உண்டு. அந்த நாய்க்கு இந்த மருந்து மூளைக்குள்ள ஏறிடும். தள்ளாடி, வலிப்பு வந்து, செத்தும் போகலாம். அந்த மரபணுவை 2001-லதான் கண்டுபிடிச்சாங்க. மாட்டுக்கு வாங்கின ஊசி மிச்சம் இருக்குன்னு நாய்க்குப் போடுறவங்க இருக்காங்க. அளவு தப்பினா எந்த நாய்க்கும் ஆபத்துதான்."

மணிக்கு அவர் எழுதியது புதிய வகை மாத்திரை. ஐசாக்ஸசோலின் என்கிற குடும்பம். 2014 வாக்கில் உலகச் சந்தைக்கு வந்தது. மருந்து ரத்தத்தில் கலந்து, தோலைக் கடிக்கிற உண்ணி, தெள்ளு, சொறிப்பூச்சியைக் கொல்லும். அந்தக் காலத்தில் வாரா வாரம் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்த வேலையை இப்போது ஒரு மாத்திரை செய்கிறது. ஆனால், வலிப்பு வந்த நாயாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதை எச்சரித்திருக்கிறது.

எடைக்கு ஏற்பத்தான் மாத்திரை. மணியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன். பிறகு நான் மட்டும் ஏறினேன். கழித்துப் பார்த்தால் மணியின் எடை. மூணு வாரம் மோர்ச் சோறு தின்ற மணி இளைத்திருந்தது. அதே மூணு வாரத்தில் நான் எப்படி ஏறினேன் என்பதை அந்த மெஷின் கூட்டத்துக்கு நடுவே அறிவித்தது!

பணியாரத்துக்குள் மாத்திரை

மாத்திரையைக் கறித்துண்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். மணி கறியைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாக என் காலடியில் துப்பியது. இட்லியில் வைத்தேன். இட்லி போச்சு, மாத்திரை வந்தது. கடைசியில் அம்மா எழுந்து வந்தார். பேசாமல் ஒரு குழிப் பணியாரத்தைப் பிட்டு, உள்ளே வைத்து மூடி, "இந்தாடா மணி" என்றார். ஒரே வாயில் உள்ளே போனது. "நீ ஆபீஸ் போ. இதெல்லாம் உனக்கு வராது" என்றார் என்னிடம்.

வாரம் இரண்டு முறை குளோர்ஹெக்சிடின் ஷாம்பூக் குளியல். இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. போட்டதும் கழுவிவிடக் கூடாது. பத்து நிமிஷம் நுரையோடு ஊற வேண்டும். அதுவரை நாயை உதற விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி என்பதற்கு எந்தக் காலேஜிலும் பாடம் கிடையாது! நம் சோப்பும் ஷாம்பூவும் நாய்க்கு ஆகாது. நம் தோல் சற்றே அமிலத்தன்மை உள்ளது, நாய்த் தோல் கிட்டத்தட்ட நடுநிலை. அதன் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியதும்கூட.

சாக்கை எரித்தோம். விரிப்புகளைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காய வைத்தோம். நானும் பாப்பாவும் தோல் டாக்டரைப் பார்த்தோம்.

பத்து நாளாகியும் மணி சொறிந்துகொண்டுதான் இருந்தது. எனக்குப் பதற்றம். டாக்டரிடம் ஓடினேன். "பூச்சி செத்தாலும் அதோட கழிவும் உடம்பும் தோலுக்குள்ளதானே கிடக்கு? அது வெளியேற ரெண்டு மூணு வாரம் ஆகும். ஒரே இடத்துல நிக்க வச்சு வாரம் ஒரு போட்டோ எடுங்க. கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் போட்டோவுல தெரியும்" என்றார். செல்போன் கேமரா முதல்முறையாக உருப்படியான வேலை செய்தது.

"முடி வந்திருச்சுன்னு நீங்களே மருந்தை நிறுத்தாதீங்க. நான் மறுபடி சுரண்டிப் பார்த்து, நிறுத்துன்னு சொன்னாத்தான் நிறுத்தணும். பாதியில நிறுத்தி, திரும்ப முத்தி வர்றதுதான் இங்க அதிகம். இங்க தீராததுன்னா சென்னை வேப்பேரிக்கு ஓட வேண்டியதில்ல. நம்ம தேனி மாவட்டத்துக்கே 2020-ல கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தாச்சு" என்றும் சொன்னார்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. இந்தப் பூச்சி மணிக்கு எங்கிருந்து வந்தது?

டீக்கடை வாசலில் ஒன்று படுத்திருக்கும். உடம்பில் பாதி முடி இல்லாத பெண் நாய். தினமும் மணி அதனோடு மூக்கு உரசிவிட்டுத்தான் வீடு திரும்பும். அதைப் பார்த்து, கல்லெடுக்காத ஆள் எங்கள் தெருவில் குறைவு. நானும் எடுத்திருக்கிறேன். அதை அப்படியே விட்டால் மணிக்கு மறுபடி வரும் என்றார் டாக்டர். போட்டோ காட்டி, உத்தேச எடை சொல்லி, மருந்து வாங்கினேன். அம்மா இன்னொரு பணியாரம் சுட்டார். டீ மாஸ்டர்தான் கொடுத்தார். சொறி நாயை நாம் தொட்டுப் பிடிக்கப் போனால் வலியில் கடித்துவிடும். அப்படிக் கடித்தாலோ பல் கீறினாலோ, உடனே சோப்பும் ஓடுகிற தண்ணீரும் விட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போக வேண்டும். 'வளர்க்கிற நாய்தானே' என்ற சமாதானம் கூடாது.

பொங்கலுக்கு வந்தவள்

மார்கழி முடிவதற்குள் மணிக்கு முடி வந்துவிட்டது. முதலில் எலிக்குஞ்சு மேல் இருப்பது போல மெல்லிசாக. பிறகு அதே செம்மண் நிறத்தில். டாக்டர் மறுபடி சுரண்டிப் பார்த்து, "விருந்தாளி காலி பண்ணியாச்சு" என்றார். டீக்கடை நாய்க்கும் முடி வந்த பிறகுதான் தெரிந்தது, அது நல்ல வெள்ளை!

பொங்கலுக்கு அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பாப்பா நேராகப் போய் மணியின் காதைப் பிடித்தாள். மணி சைக்கிள் மிதிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டது.

திண்ணையில் அம்மா எதிர்வீட்டுப் பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இம்புட்டு நல்ல நாயை டேம்ல கொண்டுபோய் விட்டுட்டு வரப் போனான் இந்தப் பய. நான்தான் விடலை!"

மறுத்துப் பேச நான் என்ன பைத்தியமா? அன்றைக்கு அம்மா சுட்ட பணியாரம் என் கையில் இருந்தது!

பொங்கல் லீவு முடிந்து ஆபீஸ் போனேன். நண்பர் ஜன்னல் ஓரத்திலிருந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு மெல்ல என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சார்... எங்க வீட்டு பொமரேனியனுக்கு வட்ட வட்டமா முடி கொட்டுது. என் கையிலயும் ஒரு வட்டம் வந்திருக்கு. பழைய ஆயில் தடவலாம்னு வீட்டுல சொல்றாங்க..."

பதில் சொல்வதற்கு முன் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் போனேன்!

பயப்படாதீர்கள்... ரெண்டு நிமிஷம்தான். சிரித்து முடித்ததும் திரும்பி வந்து, டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னேன்.